நாற்பத்தேழாம் பலகையில் ஒரு காலிக் குழி

அத்தியாயம் ஐந்து

கைக்கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு, அதையும் நம்பாமல் இன்னும் பத்து நிமிடம் முன்னதாகப் போய் நிற்கிற பிறவி என் முதலாளியம்மா. முப்பது வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து கடைக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தவர், ஓய்வுபெற்றதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறிய வந்துவிட்டார். அவரைத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் தராசு. அவர் எனக்கு வைத்த பெயர் ஓட்டைவாய். சம்பளம் தருகிறவர் வைத்த பெயர் என்பதால் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை காலை எங்கள் ஜீப் மண் சாலையில் குலுங்கிக்கொண்டிருந்தது. என் மடியில் ஒரே ஒரு காகிதம். அதுதான் வழக்கு.

ஒரு சாக்லேட் கம்பெனி தன் உறைகளில் க்யூஆர் கோடு அச்சடிக்கிறது. வாங்கியவர் போனை அதன்மேல் காட்டினால் போதும். அந்தக் கொக்கோ யாருடைய தோட்டத்தில் விளைந்தது, என்றைக்குப் பறித்தார்கள், எத்தனை நாள் புளிக்கவைத்துக் காயவைத்தார்கள் என்று எல்லாம் திரையில் வந்துவிடும். விளைவித்தவரின் குரலும் வரும். கடைசியில் ஒரு படம். ஐம்பது குழி உள்ள மரப்பலகையில் குழிக்கு ஒரு கொட்டையாக வைத்து, நெடுக்காக வெட்டி, உள்ளே பூச்சியோ பூஞ்சணமோ இல்லை என்று காட்டுகிற படம். யாரையும் ஏமாற்றவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு புகாரை விசாரிக்கச் சொல்லி எங்களிடம் கொடுத்திருந்தார்கள். பெயர் என்ற இடத்தில் 'வாடிக்கையாளர்' என்று மட்டும் இருந்தது. கீழே ஒரு போன் நம்பர். நான் உரக்கப் படித்தேன்.

"'நாற்பத்தேழாம் எண் பலகையில் காலிக் குழி இடம் மாறியிருக்கிறது. எட்டு மாதமாக இப்படித்தான். கொட்டையை வைப்பது யார்?' மேடம், இந்த ஆளுக்கு வேற வேலைவெட்டியே இல்லையா? நானெல்லாம் சாக்லேட்ட பிரிச்சா உறையக்கூட நக்கிட்டுத் தூக்கிப் போடுவேன். இவர் குழிய எண்ணிட்டு உக்காந்திருக்கார்."

"எண்ணினதால்தான் நமக்கு வேலை. படத்தைக் காட்டு."

காட்டினேன். நாற்பத்தேழாம் எண் ஓர் இளம்பெண்ணின் தோட்டம். பழைய படங்களில் எல்லாம் நாற்பத்தொன்பது கொட்டைதான். வலதுபக்கம் கீழே கடைசிக் குழி காலி. இந்த எட்டு மாதத்தில் எடுத்த படங்களிலும் நாற்பத்தொன்பதுதான். ஆனால் காலிக் குழி இடதுபக்கம் மேலே, முதல் வரிசையின் முதல் குழி.

"அந்தப் பொண்ணு இடத்துல வேற யாரோ உக்காந்து வெளிக் கொட்டைய உள்ள தள்ளுறாங்க, மேடம். சின்ன மீனு."

"சின்ன மீனுக்கு வலை பெருசு," என்றார் தராசு. "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் கம்பெனி பக்கத்துல பச்சைப் பொத்தானோ சிவப்போ அழுத்தணும். சிவப்புன்னா நாற்பத்தேழாம் பக்கம் மூடிடும். சங்கத்துக்காரங்களும் உடந்தைன்னு தெரிஞ்சா இருநூத்துப் பன்னிரண்டு குடும்பத்துக் கொக்கோவும் வேண்டாம்னு கம்பெனி சொல்லிடும்."

நான் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது பெரிய சாதனை.

*

கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் நுழைந்ததும் புளித்த காடி வாசனை மூக்கில் ஏறியது. மூட்டைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் காதிலும் ஒரு சீட்டு. எடைமேடைக்குப் பக்கத்தில் சங்கத்து எழுத்தர் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். எங்களைப் பார்த்ததும் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"நாற்பத்தேழாம் நம்பர்காரங்களப் பார்க்கணும்," என்றார் தராசு.

"அது... வெளியூர் போயிருக்குங்க."

"எப்ப வரும்?"

"தெரியலீங்க."

"போன வாரம்கூட மூட்டை வந்திருக்கே. வெளியூர்ல இருந்தே பறிச்சு அனுப்பிச்சா?"

எழுத்தர் சட்டைப் பொத்தானைத் திருகினார். பொத்தான் கையோடு வந்தது.

"ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டை குறையுதே, யாரும் கேக்கலியா?"

"அதாங்க, அது ஒண்ண வாயில போட்டுக்கும் போல. நான்கூட கிண்டல் பண்ணுவேன். சங்கத்துச் சொத்தைத் தின்னே தீக்குறியேன்னு. சிரிக்குமே தவிர பதில் சொல்லாது." அந்த ஒரு நிமிடம் அவர் முகம் தெளிந்தது. உடனே மறுபடி இருண்டது.

தராசு மேசைமேல் இருந்த வெட்டுப் பலகையை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். ஒரு கை கொட்டையை அள்ளி மளமளவென்று குழிகளை நிரப்பினார். வலதுபக்கம் கீழே கடைசிக் குழியை மட்டும் விட்டுவிட்டார்.

"ஓட்டைவாய், எதிர்ல போய் உக்காரு."

"நான் எதுக்கு மேடம் குறுக்க? வெளிச்சம் மறைக்கும்."

"உக்காரு. உன் பக்கத்துலருந்து காலிக் குழி எங்க இருக்கு?"

"இங்கதான், இடதுபக்கம் மேல..." என் வாய் பாதியில் நின்றது. படத்தில் இருப்பதும் அதேதான். குழி இடம் மாறவே இல்லை. பார்க்கிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

"ஏமாத்துறவன் கணக்கா அம்பதையும் நிரப்பிடுவான்," என்றார் தராசு. "ஒரு குறையும் இல்லாமப் பார்த்துக்கிறதுதான் அவன் குணம். இங்க ஒருத்தர் மெனக்கெட்டு ஒரு குழிய விடுறார். அதுவும் வருஷக்கணக்கா அந்தப் பொண்ணுக்கு எதிர்ல உக்காந்து பார்த்த மாதிரியே விடுறார்." அவர் எழுத்தர் பக்கம் திரும்பினார். "கொட்டைய எங்க வெட்டுவாங்க?"

"அவங்கவங்க வீட்லதாங்க."

"அவ வீட்ல, அவ எதிர்ல உக்காருற ஆள் யாரு?"

எழுத்தர் கையிலிருந்த பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார். நாற்பது வயது ஆள் கிடங்கு நடுவில் நின்று அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை.

"அது செத்துப்போய் எட்டு மாசம் ஆச்சுங்க. நாத்துக்கட்டு எடுத்துட்டு வரும்போது மழைல வண்டி சறுக்கிடுச்சு. இருபத்தாறு வயசு. அவங்க அப்பாதான் கொண்டாந்து போடுறார். அந்தப் பொண்ணோட போன்லயே படத்தப் பதிஞ்சு, அதோட பழைய குரலோடயே அனுப்புறார். எனக்குத் தெரியும். இங்க எல்லாருக்கும் தெரியும். மூட்டைய முதுகுல வச்சுட்டு வந்து நிக்கிற மனுசன்கிட்ட, உங்க பொண்ணுதான் இல்லியேன்னு நான் எப்படிங்க சொல்றது?"

ஆனாலும் பழக்கதோஷம். வெளியே வந்ததும் ஆரம்பித்தேன்.

"மேடம், பாவந்தான். ஆனா செத்தவங்க பேர்ல வியாபாரம் வியாபாரந்தானே? அப்பாவா இருந்தா மட்டும்..."

"வண்டிய எடு," என்றார் தராசு. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

*

தோட்டத்து ஓரத்தில் ஓட்டு வீடு. அடிமரத்திலிருந்தே மஞ்சளும் சிவப்புமாகக் காய்கள் தொங்கின. முற்றத்தில் சாய்ப்பலகைமேல் கொட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அப்பா கதவைத் திறந்தார். தராசு தன் வேலையைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை, பதறவில்லை. "வாங்க, உள்ள வாங்க," என்றார், ரொம்ப நாளாக எதிர்பார்த்த விருந்தாளிகளிடம் சொல்வதுபோல.

உள்ளே ஒரு மேசை. எதிரெதிராக இரண்டு நாற்காலி. ஜன்னல் பக்கத்து நாற்காலியின் முதுகில் ஒரு மஞ்சள் மழைச்சட்டை மாட்டியிருந்தது. எதிர் நாற்காலியின் முன்னால் வெட்டுப் பலகை, கத்தி, போன். எனக்குக் கால் வலித்தது. ஜன்னல் பக்கத்து நாற்காலியை இழுக்கப் போனேன்.

"அதுல வேண்டாம்," என்றார் அப்பா. உடனே குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க தம்பி. அது அவ இடம்."

தராசு அந்த நாற்காலியையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்களும் உக்காரறதில்லியா?"

"மனசு வரல."

"அந்த இடத்துல உக்காந்து வச்சிருந்தா குழி சரியா விழுந்திருக்கும். யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பலகையைக் கையால் மெதுவாகத் தடவினார். "ஓ," என்றார். "நான் பார்த்தபடியே வச்சேன்."

"மரம் யாரோடது?"

"அவளோடதுதான். ஒரு கொட்டைகூட வெளிய இருந்து கலக்கல. பறிக்கிற கைதான் என்னோடது. வர்ற பணத்த அவ கணக்குலயே விட்டு வச்சிருக்கேன். தொடல."

"அப்புறம் எதுக்கு அவ பேரு?"

அவர் போனைத் திறந்து எங்கள் பக்கம் நகர்த்தினார். நாற்பத்தேழாம் பக்கத்தின் அடியில், யார் யார் எந்த ஊரிலிருந்து அந்த க்யூஆர் கோடைப் பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல். விளைவிப்பவருக்கும் ஆய்வு செய்கிறவருக்கும் மட்டும் தெரிகிற பட்டியல் அது. ஏதேதோ ஊர்கள் வந்து போயிருந்தன. ஒரே ஒரு துறைமுக நகரம் மட்டும் ஞாயிறு தவறாமல் இருந்தது. வாரம் ஒரு தடவை. மூன்று வருடமாக.

"இவ அம்மா," என்றார் அப்பா.

தராசு பட்டியலை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல அந்த ஊருக்கு வேலைக்குப் போறேன்னா. போனா திரும்பி வராதேன்னு சொன்னேன். கோவத்துல சொன்னதுதான். அவளும் ரோஷக்காரி. வரல. பொண்ணு என் பக்கம் நிக்கிறதா நினைச்சு அம்மாவோட பேசவே மாட்டேன்னுட்டா. போன் நம்பரக்கூட வாங்கி வைக்கல. அப்புறம் இந்த உறை வந்துச்சு. அவ அம்மா எங்கயோ கடையில வாங்கியிருக்கா, பொண்ணு குரலக் கேட்டிருக்கா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா இவ போனத் திறந்து பார்ப்பா. 'அப்பா, அம்மா பார்த்துட்டாங்க'ன்னு சொல்லிட்டு சமைக்கப் போயிடுவா. அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் பேச்சு."

"அந்தக் குழி?" என்று தராசு கேட்டார். "அவ சாப்பிடுவாளாமே."

"யார் சொன்னா? அவளுக்கு அந்தக் கசப்பே ஆகாது. கடைசிக் கொட்டைய வாயில போட்டுப் பார்க்கிறது அவ அம்மா பழக்கம். இந்த மேசையில இவ ஸ்கூல் பாடம் எழுதுவா, பக்கத்துல அவ அம்மா வெட்டுவா. அம்மா போனதுலருந்து இவ அந்தக் குழிய நிரப்பினதே இல்ல. 'அது என் இடம் இல்லப்பா'ன்னுவா. படத்துல அந்தக் குழியத்தான் அவ அம்மா பார்த்துட்டு இருந்தா. அது எனக்குத் தெரியும்."

அவர் கண்களைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது.

"இவ போன அன்னிக்குப் பெட்டியில கொட்டை புளிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஆறாம் நாள் அள்ளிக் காயவச்சேன், விட மனசில்லாம. அந்த ஞாயித்துக்கிழமையும் அவ அம்மா பார்த்திருந்தா. அடுத்த ஞாயிறும். நான் நிறுத்திட்டா அவளுக்குத் தெரிஞ்சுடும் இல்லியா? போகாதேன்னு கெஞ்ச வேண்டியவன் போயிடுன்னு சொன்னேன். இப்ப உன் பொண்ணும் போயிட்டாடின்னு எந்த வாயால சொல்றது?"

என் சட்டைப் பையில் அந்தப் புகார்க் காகிதம் இருந்தது. எட்டு மாதமாக இப்படித்தான் என்று எழுதிய கை. காலிக் குழியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற, வேலைவெட்டி இல்லாத ஆள். காலையில் நான் அடித்த ஜோக் எனக்கே திரும்பி வந்தது. யாராவது என் கன்னத்தில் ஒன்று வைத்தால் தேவலை என்றிருந்தது.

காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அப்பா படித்தார். ஒருமுறை படித்துவிட்டு, போன் நம்பரில் விரலை வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"கண்டுபிடிச்சுட்டாளா?"

"கேள்வி கேட்டிருக்காங்க," என்றார் தராசு. "பதில நான் கம்பெனி மூலமா எழுதி அனுப்பலாம். ரெண்டு வரி. ஆனா அந்தம்மாவுக்கு அது அப்படி வரக்கூடாதுங்க. நீங்கதான் சொல்லணும்."

"என்னால முடியாதும்மா."

"முடியாதுதான். ஆனாலும் வேற ஆள் இல்ல."

நம்பரை நான்தான் அழுத்தினேன். ஸ்பீக்கரில் மணி நாலு தடவை அடித்தது. பிறகு ஒரு பெண்குரல், பின்னால் பாத்திரம் உரசும் சத்தம்.

"ஹலோ?"

அப்பா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

"ஹலோ, யாரு?"

"நான்தான்."

பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு அந்தக் குரல் ரொம்ப அமைதியாகக் கேட்டது.

"என்னிக்கு?"

அவர் தேதியைச் சொன்னார். மழை என்றார், வண்டி என்றார், வலி தெரியாமல் போய்விட்டாள் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. "உன்கிட்ட மறைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடு," என்று மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"நீங்க எங்க மறைச்சீங்க?" என்றது போன். "குழி மாறின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது உங்க பக்கத்துலருந்து வச்சது. உங்களுக்கு அப்படித்தானே தெரியும், எத்தனை வருஷம் எதிர்ல உக்காந்திருக்கீங்க. அவ உசுரோட இருந்தா அந்தப் பலகைய உங்கள தொட விட்டிருப்பாளா?"

"தெரிஞ்சப்புறம் ஏன் எழுதினே?"

பதில் வந்தபோது அந்த அமைதி உடைந்திருந்தது.

"யாராச்சும் நேர்ல வந்து பார்த்துட்டு, 'இல்லம்மா, அவ நல்லாத்தான் இருக்கா, கைல அடிபட்டிருக்கு, அதான் அப்பா வைக்கிறாரு'ன்னு சொல்லிட மாட்டாங்களான்னு எழுதினேன்."

தராசு என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். காய்கிற கொட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். உள்ளே இரண்டு பேர் அழுவது கேட்டது, ஒருவர் மேசையில், ஒருவர் போனில்.

*

திரும்பும் வழியில் தராசு கம்பெனி அதிகாரியைப் போனில் பிடித்தார். "கொட்டை சுத்தம், தோட்டமும் சரி. பறிச்சது யாருங்கிறது மட்டும் பொய். சங்கத்துல எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒரு பைசா லாபம் பார்க்கல. இதை அப்படியே எழுதித் தர்றேன். நான் நாற்பத்தேழ மூடிடறேன், அந்தத் தோட்டத்த அப்பா பேர்ல புதுசாப் பதிஞ்சுக்குங்க. மத்த இருநூத்துப் பதினோரு குடும்பத்து வயித்துல அடிக்காதீங்க." அந்தப் பக்கம் முனகல் கேட்டது. கடைசியில் சங்கத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விடுவதாக ஒப்புக்கொண்டார்கள்.

மணி நாலேமுக்கால். ஜீப்பை மரத்தடியில் ஓரங்கட்டச் சொன்னார். மடியில் போனை வைத்து நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். பச்சை ஒரு பொத்தான், சிவப்பு ஒரு பொத்தான். சிவப்பை அழுத்தினால் படங்கள், தேதிகள், குரல் எல்லாம் போய்விடும்.

ஆய்வுக்கு வந்தவர்கள் என்பதால் எங்களுக்கும் அந்தப் பட்டியல் தெரிந்தது. அன்று ஞாயிறு இல்லை, புதன். ஆனாலும் துறைமுக நகரத்திலிருந்து ஒன்று வந்திருந்தது. நாங்கள் பார்க்கும்போதே இரண்டானது. மூன்றானது. ஒவ்வொரு முறையும் அங்கே ஓர் உறைமேல் போன் காட்டப்படுகிறது, ஒரு பெண்குரல் பேசுகிறது. நான் அதை ஒரே ஒரு தடவை காலையில் கேட்டிருந்தேன். 'இது நாற்பத்தேழு. நான்தான் பறிச்சேன், நான்தான் காயவச்சேன். நல்லா இருக்கும், சாப்பிடுங்க.' அதை யாரிடம் சொன்னாள் என்று இப்போது தெரிந்தது.

பதினொன்று. பத்தொன்பது. முப்பத்திரண்டு.

"மேடம், அஞ்சாச்சு."

"என் கடிகாரம் முன்னாடி ஓடும்," என்றார் தராசு.

என் கடிகாரத்தில் ஐந்து ஐந்தானது. ஐந்தரையானது. அதிகாரி இரண்டு முறை கூப்பிட்டார், அவர் எடுக்கவில்லை. எண் ஏறிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் என் முதலாளியம்மா ஒரு வேலைக்குத் தாமதமாகி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அறுபத்துநாலில் எண் நின்றது. கால் மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.